சித்தப்பா இல்லாத பிள்ளைக்குக் கோடைதான் சித்தப்பா!

(பட்டிமன்றத் தலைப்பு: 'இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கு எதிர்காலத்தைத் தருவது கல்லூரிப் பட்டமா? கோடை விடுமுறையா?' - 'கோடை விடுமுறையே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)



ஐயா, நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலையில் ஒரு பாட்டி. என் நாத்தனார் சும்மா இருக்காம, "பாட்டி, இவங்க பிசிக்ஸ் டீச்சர்"னு அறிமுகப்படுத்திட்டாங்க. பாட்டி சாம்பாரை நிறுத்திட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. "அப்படியா தாயி! மாடிப்படி ஏறினா முட்டி கடகடங்குது. காலை எப்படி நீட்டி மடக்கணும்? கொஞ்சம் சொல்லேன்!" (சிரிப்பு)

பிசியோதெரபின்னு நினைச்சிட்டாங்க. அந்தப் பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். டாக்டர்னா கழுத்துல ஸ்டெதஸ்கோப். வக்கீல்னா கறுப்புக் கோட்டு. போலீஸ்னா காக்கிச் சட்டை. பிசிக்ஸ் படிச்சவனுக்கு என்னய்யா சட்டை? ஊருக்குத் தெரியற மாதிரி ஒண்ணும் இல்லை. அதனால வீட்டுல என்ன பண்றாங்க? மிக்ஸி ஓடலைன்னா அவனைக் கூப்பிடறாங்க. "பிசிக்ஸ்தானே படிக்கிற, இது ஏன் ஓடலைன்னு பாரு!" (சிரிப்பு) அவன் பாவம், குவாண்டம் கொள்கை படிச்சிட்டிருக்கான். மிக்ஸியைத் திறந்தா ஷாக் அடிக்கும்ங்கறது ஒண்ணுதான் அவனுக்குத் தெரியும்!

சிரிப்பு இருக்கட்டும். அந்த வீட்டில் அப்பா அம்மா கேட்கிற ஒரு கேள்வி இருக்கு. "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" இது கிண்டல் கேள்வி இல்லை. வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டின தகப்பனுடைய கேள்வி. அதுக்கு நேர்மையா ஒரு பதில் சொல்லத்தான் நாம இந்த மேடையில் கூடியிருக்கோம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணாச்சி ரொம்ப அழகாகப் பேசினார். "பட்டம்தான் ஆதாரம், பட்டம் இல்லாமல் எந்தக் கதவையும் தட்ட முடியாது, கோடை விடுமுறை என்பது மாம்பழம் சாப்பிடுவதற்கும் மாமா வீட்டுக்குப் போவதற்கும் ஏற்பட்டது" என்றார். அண்ணாச்சி, பட்டம் வேண்டாம்னு நாங்க சொல்லலை. கல்யாண மண்டபத்துக்குள்ள நுழைய பத்திரிகை வேணும். ஆனா பத்திரிகை பசியை ஆத்துமா? உள்ளே போய் எந்தப் பந்தி, எந்த இலைன்னு தெரியணும் இல்லையா? அதைத் தெரிஞ்சுக்கிற காலம்தான் கோடை என்கிறது எங்கள் கட்சி. (கைதட்டல்)

மூணு வருஷப் படிப்பு. அதுக்கு நடுவுல ரெண்டே ரெண்டு கோடை. முதல் வருஷத்துக்கும் ரெண்டாம் வருஷத்துக்கும் நடுவில ஒண்ணு. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில இன்னொண்ணு. அந்த ரெண்டு கோடையை என்ன பண்ணினான் என்பதில்தான் ஒரு பிள்ளையின் தலையெழுத்து இருக்கு. நான் கதை சொல்லலை, சரித்திரம் சொல்றேன்.

1928-ஆம் வருஷம். சென்னை மாநிலக் கல்லூரியில் ஒரு மாணவன். பதினேழு வயசு. பேர் சந்திரசேகர். பாடப் புத்தகத்தோடு நிறுத்தாமல், சோமர்ஃபெல்டு என்கிற ஜெர்மன் விஞ்ஞானி அணுவைப் பற்றி எழுதின பெரிய புத்தகத்தைத் தானாகவே படிச்சு முடிச்சவன். அந்த வருஷக் கோடை விடுமுறைக்கு எங்கே போனான் தெரியுமா? கல்கத்தாவுக்கு. சர் சி.வி. ராமனுடைய ஆராய்ச்சிக் கூடத்துக்கு. அதே வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதிதான் அங்கே 'ராமன் விளைவு' கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அடுப்பில் இருந்து இறக்கின சூடு ஆறுவதற்கு முன்னால் அந்தப் பையன் அடுக்களையில் போய் நிற்கிறான்!

திரும்பி வர்றான். சில மாசத்தில், அந்தப் புத்தகம் எழுதின சோமர்ஃபெல்டே சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேசறார். இந்தப் பையன் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய் நிற்கிறான். "ஐயா, உங்க புத்தகத்தைப் படிச்சிட்டேன்." அவர் என்ன சொன்னார்? "தம்பி, அது எல்லாம் பழசாகிப்போச்சு. ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர் எல்லாம் வந்து பௌதிகத்தையே மாத்திட்டாங்க"ன்னுட்டார். தாம் எழுதி இன்னும் வெளியே வராத ஒரு கட்டுரையின் அச்சுப்படியையும் கையில் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு அந்த மாணவன் தானே ஒரு கட்டுரை எழுதினான். 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் அது வந்தது. இன்னும் பட்டம் வாங்கலை ஐயா! அதைக் கவனிக்கணும்! (கைதட்டல்)

1930 ஜூலை கடைசியில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினான். அந்தக் கப்பல் பயணத்திலேயே, ஒரு நட்சத்திரம் சாகிறபோது எவ்வளவு எடை வரை தாங்கும் என்று கணக்குப் போட்டான். அதுதான் 'சந்திரசேகர் எல்லை'. 1983-இல் நோபல் பரிசு வந்தது. அந்தக் கணக்கைப் போட்டபோது பையனுக்கு வயசு பத்தொன்பது.

இப்போ எதிரணித் தம்பி உடனே கையைத் தூக்குவார். எனக்குத் தெரியும். "அம்மா, சந்திரசேகருக்கு சி.வி. ராமன் யாரு? சொந்தச் சித்தப்பா! அப்பாவோட தம்பி! சித்தப்பா ஆராய்ச்சிக் கூடம் வைத்திருந்தால் யார் வேணும்னாலும் கோடையில் போகலாம். எங்க சித்தப்பா எண்ணெய்க் கடை வைத்திருக்கிறார். நாங்க எங்கே போறது?" (சிரிப்பு, கைதட்டல்)

தம்பி, சரியான கேள்வி. உண்மையைச் சொல்றேன், என் வாதத்தின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கு. படிப்பில் மார்க்கு வாங்கறதுக்குச் சித்தப்பா வேண்டாம். மூளை போதும். ஆனால் எந்தக் கதவு எங்கே இருக்கு, எப்போ திறக்கும், யாரைப் போய்ப் பார்க்கணும் என்று சொல்றதுக்கு ஒரு சித்தப்பா வேணும். படிச்ச வீட்டுப் பிள்ளைக்கு அது சாப்பாட்டு மேசையிலேயே கிடைச்சிடுது. முதல் தலைமுறையாகப் படிக்க வர்ற பிள்ளைக்கு அதை யார் சொல்றது?

அந்தச் சித்தப்பாவாக இருப்பதற்குத்தான் இந்த நாட்டில் சில ஏற்பாடுகள் இருக்கு. பாதிப் பேருக்குத் தெரியாது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம், டெல்லியில் இந்திய தேசிய அறிவியல் கழகம், அலகாபாத்தில், அதாவது இன்றைய பிரயாக்ராஜில் தேசிய அறிவியல் கழகம் என்று மூன்று அகாடமிகள். மூணும் சேர்ந்து வருஷா வருஷம் கோடை ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்குது. ரெண்டு மாசம் ஒரு விஞ்ஞானியிடம் போய் உட்கார்ந்து வேலை செய்யலாம். போக வர ரயில் கட்டணமும் உண்டு, மாசா மாசம் உதவித்தொகையும் உண்டு. கல்லூரி ஆசிரியர்களுக்கும் கூட இடம் இருக்கு. அதாவது வாத்தியாரும் போய்க் கத்துக்கலாம்!

மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். அங்கே 2004-இல் இருந்து இளநிலை மாணவர்களுக்கென்றே ஒரு திட்டம். என்.ஐ.யு.எஸ். என்று பேர். முகாமுக்கு அழைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். தேறினவர்களை ஒரு வருஷம், ரெண்டு வருஷம் தொடர்ந்து ஆராய்ச்சியில் ஈடுபடுத்துவார்கள். நம்ம சென்னைத் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம். 1962-இல் தொடங்கினது. அந்தப் பக்கம் பஸ்ஸில் தினமும் போகிறவர்களுக்கே உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாது. கொடைக்கானலில் சூரிய ஆய்வகம். 1899-இல் வந்தது. 1909-இல் அங்கேதான் எவர்ஷெட் என்பவர், சூரியனில் இருக்கிற கரும்புள்ளியில் வாயு எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்சார். நம்ம ஆளுங்க கொடைக்கானல் போனா என்ன பண்றாங்க? ஏரியில் படகு, கையில் சாக்லேட், திரும்பி வந்துடறாங்க! (சிரிப்பு) அதை நடத்துகிற இந்திய வான் இயற்பியல் நிறுவனம் மாணவர்களுக்குக் கோடைப் பள்ளியே நடத்தியிருக்கு.

பிளஸ் டூவில் தங்கள் போர்டில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு 2008-இல் மத்திய அரசு 'இன்ஸ்பயர்' என்று ஓர் உதவித்தொகை கொண்டுவந்தது. வருஷத்துக்கு 80,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதில் 20,000 ரூபாய் எதுக்குத் தெரியுமா நடுவர் ஐயா? கோடைக்கால ஆராய்ச்சிக்கு! பணம் கொடுத்த அரசாங்கமே எங்க கட்சி. இதுக்கு மேல சாட்சி வேணுமா? (பலத்த கைதட்டல்)

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. தாய்மார்கள் தயவுசெய்து கேட்டுக்கணும். மே மாசம் போறதுக்கு ஏப்ரல் மாசம் விண்ணப்பம் போட முடியாது. அகாடமி உதவித்தொகைக்கு முந்தின வருஷம் ஐப்பசி கார்த்திகையிலேயே விண்ணப்பம் கேட்பாங்க. வெளியே மழை கொட்டிட்டு இருக்கும்போதே பிள்ளை கோடையைப் பற்றி யோசிக்கணும். எந்த விஷயத்தில் ஆர்வம், என்ன செய்ய ஆசைன்னு சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதணும். ஒரு ஆசிரியரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கணும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்கு வாத்தியார் என்னன்னு எழுதுவார்? "நல்ல பையன், தூங்கும்போது குறட்டை விடமாட்டான்" என்றா? (சிரிப்பு)

எதிரணி நண்பர்கள் பட்டம் பட்டம் என்று சொல்றாங்களே, அந்தப் பட்டம் எப்போ கைக்கு வரும்? மூணாம் வருஷப் பரீட்சை முடிஞ்சு, ரிசல்ட் வந்து, ஜூனுக்கு மேல. கதவெல்லாம் எப்போ திறந்து மூடுதுன்னு பாருங்க. ஐ.ஐ.டி.யிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும்... இல்லை, இது வேற நிறுவனம், டாட்டா கொடுத்த நிலத்தில் வந்தது இல்லை, டாட்டா கொடுத்த பணத்தில் வந்தது, ஊர்க்காரங்க 'டாட்டா இன்ஸ்டிடியூட்'னு சொல்வாங்களே, அது. அங்கெல்லாம் எம்.எஸ்சி.யிலும் அது மாதிரி மேல்படிப்புகளிலும் சேர 'ஜாம்' என்று ஒரு நுழைவுத் தேர்வு. ரொட்டியில் தடவுற ஜாம் இல்லை! (சிரிப்பு) இயற்பியல் உட்பட ஏழு பாடங்களுக்கு நடக்குது. அது எப்போ? மூணாம் வருஷம் படிச்சிட்டு இருக்கும்போதே, பிப்ரவரியில். அதுக்கு விண்ணப்பம் அதுக்கும் முன்னால். 'முதல்ல டிகிரியை முடிடா, அப்புறம் பார்த்துக்கலாம்'னு அப்பா சொல்றார். பையன் முடிச்சிட்டுப் பார்க்கறான். ஒரு வருஷம் போச்சு! அந்தத் தேர்வுக்கு உட்கார்ந்து படிக்க முழுசாக் கிடைக்கிற காலம் எது? ரெண்டாம் வருஷக் கோடை. அதை விட்டா செமஸ்டர், ரெக்கார்டு நோட்டு, இன்டர்னல்னு ஓடிடும்.

எதிரணித் தலைவர் டாக்டர் அப்துல் கலாம் அவர்களைச் சொன்னார். "திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் பட்டம் வாங்கினார், ராஷ்டிரபதி ஆனார்" என்றார். சரிதான். 1954-இல் பட்டம் வாங்கினார். ஆனால் அண்ணாச்சி, அவர் தம் சுயசரிதையில் என்ன சொல்லியிருக்கார்னு முழுசாச் சொல்லணும் இல்லையா? பட்டம் வாங்கின பிறகுதான் இயற்பியல் தம்முடைய பாடம் இல்லைன்னு தெரிஞ்சதாம். அப்புறம்தான் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படிக்கப் போறார். சேர்க்கைக்குப் பணம் இல்லை. அக்கா ஜொஹரா தம் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அப்படிப்பட்ட மேதைக்கே, மேற்கொண்டு வேறு என்னென்ன படிப்பு இருக்குன்னு சொல்ல ஆள் இல்லாமல் போச்சு! இது பட்டத்துக்குப் பெருமையா, அக்காவோட வளையலுக்குப் பெருமையா? (பலத்த கைதட்டல்)

ஆகவே நான் இன்னொன்றும் சொல்றேன். கோடை என்பது இயற்பியலில் ஆழமாகப் போகிறதுக்கு மட்டும் இல்லை. 'இது நமக்குச் சரிப்படாது' என்று காலத்தோடு தெரிஞ்சுக்கிறதுக்கும் அதுதான் சமயம். ஆராய்ச்சிக் கூடத்தில் ரெண்டு மாசம் இருந்துட்டு, "மேடம், இருட்டு ரூமில் ஒரே கோட்டை நாள் பூரா அளக்க என்னால் ஆகாது" என்று திரும்பி வந்த பிள்ளைகள் உண்டு. அது தோல்வி இல்லை ஐயா. ரெண்டு மாசத்தில் தெரிஞ்சதை அஞ்சு வருஷம் கழிச்சுத் தெரிஞ்சிருந்தா?

சரி, ஆராய்ச்சி வேண்டாம் என்றால் வேறு என்ன இருக்கு? அந்தத் தகப்பனார் கேட்ட கேள்விக்கு வர்றேன். விமான நிலையத்தில் விமானத்தை இறங்கு, ஏறு என்று சொல்ற கட்டுப்பாட்டு அதிகாரி. அதுக்கு இன்ஜினியரிங் படிச்சிருக்கணும்னு நினைக்கிறோம். பி.எஸ்சி.யில் இயற்பியலும் கணிதமும் படித்தவர் விமான நிலைய ஆணையத்தின் அந்தத் தேர்வை எழுதலாம். அடிப்படைச் சம்பளமே 40,000 ரூபாயில் தொடங்குது. வானிலைத் துறை! 'மழை வரும்'னு சொல்லி வராமப் போனா நாம திட்டுறோமே, அங்கே 2022-இல் அறிவியல் உதவியாளர் வேலைக்கு 990 இடம் போட்டாங்க. பட்டப்படிப்பில் இயற்பியல் ஒரு பாடமாகப் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கறாங்களே, எவ்வளவு கொடுக்கணும், கட்டியின் மேல் படணும், பக்கத்துச் சதையில் படக்கூடாதுன்னு கணக்குப் போடறவர் யாரு? மருத்துவ இயற்பியலாளர். எம்.எஸ்சி. இயற்பியல் முடிச்சு, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் அதுக்கென்று டிப்ளமா படிக்கலாம். நம்ம அண்ணா பல்கலைக்கழகத்திலேயே மருத்துவ இயற்பியலில் எம்.எஸ்சி. உண்டு. அந்தப் பந்திப் பாட்டியின் முட்டிக்கு நான் உதவ முடியாது. ஆனா எங்க ஆளுங்க ஆஸ்பத்திரியில் உயிர் காக்கிறாங்க! (கைதட்டல்)

பொறியியலுக்கே போகணுமா? பி.எஸ்சி. முடித்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேர வழி இருக்கு. வாத்தியார் வேலை வேணுமா? பி.எட். இப்போ ரெண்டு வருஷம், அப்புறம் தகுதித் தேர்வு. வங்கி, டி.என்.பி.எஸ்.சி., ஐ.ஏ.எஸ். எல்லாத்துக்கும் ஒரு பட்டம் போதும். அங்கே பட்டம் வேணும், ஒத்துக்கறேன். ஆனால் இத்தனை பாதையில் எது உன் பாதைன்னு பட்டத்தின் பின்பக்கம் அச்சடிச்சா கொடுக்கறாங்க? அதை உட்கார்ந்து யோசிச்சு, நாலு பேரைப் போய்ப் பார்த்து, ஒரு வேலையைத் தொட்டுப் பார்க்கத்தான் கோடை.

சர் சி.வி. ராமன் என்ன பண்ணினார்? மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, 1906-இல், வெளிநாட்டு இதழில் அவர் கட்டுரை வந்தாச்சு. ஆனால் அப்போ விஞ்ஞானிக்கு வேலை ஏது? 1907-இல் நிதித் துறைத் தேர்வு எழுதி, கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கு அதிகாரி ஆனார். பத்து வருஷம் கணக்கு அதிகாரி! ஆபீஸ் முடிஞ்சதும் நேரா பௌபஜார் தெருவில் இருந்த அறிவியல் சங்கத்துக்குப் போய் இரவு வரை ஆராய்ச்சி. 1917-இல்தான் பேராசிரியர். 1930-இல் நோபல் பரிசு. சோத்துக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு வேலை. பட்டம் அவருக்குக் கணக்கு உத்தியோகத்தைக் கொடுத்தது. ஓய்வு நேரம் அவருக்கு நோபல் பரிசைக் கொடுத்தது! (பலத்த கைதட்டல்)

இப்போ பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. என் வகுப்பில் ஒரு பொண்ணு. நல்லாப் படிக்கிறவ. ரெண்டு மாசத்துக்குப் பெங்களூரில் இடம் கிடைச்சிடுச்சு. வீட்டில் அனுப்பலை. "வயசுப் பொண்ணை ரெண்டு மாசம் தனியாவா? ஊரு என்ன சொல்லும்?" அந்தத் தாயாரிடம் நான் அன்னா மணி கதையைத்தான் சொன்னேன்.

பீர்மேட்டில் 1918-இல் பிறந்தவர் அன்னா மணி. எட்டு வயசுப் பிறந்தநாளுக்கு அந்த வீட்டு வழக்கப்படி வைரத்தோடு கொடுத்தாங்க. "எனக்குத் தோடு வேண்டாம், என்சைக்ளோபீடியா வாங்கிக் கொடுங்க"ன்னு கேட்டது அந்தக் குழந்தை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1940-இல் பெங்களூர் போய் ராமனிடம் சேர்ந்தார். அங்கே எதை ஆராய்ச்சி பண்ணினார்? வைரத்தை! (கைதட்டல்) காதில் போட மறுத்த வைரத்தைக் கருவிக்குள் வைத்துப் பார்த்தார். அஞ்சு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். டாக்டர் பட்டம் கொடுத்தாங்களா? இல்லை. ஏன்? எம்.எஸ்சி. பட்டம் இல்லையாம்! பட்டம் இல்லாததால் பட்டம் இல்லை! எதிரணி நண்பர்களே, இதுதான் உங்க கட்சி! (சிரிப்பு, கைதட்டல்)

அவர் அதுக்காக உட்கார்ந்து அழலை. 1948-இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வழி பண்ணினார். துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976-இல் ஓய்வு பெற்றார். நாட்டில் எங்கே எவ்வளவு வெயில் விழுதுன்னு 1980-இல் ஒரு கையேடே போட்டார். இதைச் சொன்னதும் அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டாங்க: "டீச்சர், ஹாஸ்டலில் போன் பண்ணினா எடுப்பாங்களா?" அந்த ஒரு கேள்வியில் பாதிக் கதவு திறந்திடுச்சு. மீதியைத் திறக்க, அவங்க அப்பாவே கூடப் போய்க் கொண்டுவிட்டு வந்தார். (கைதட்டல்)

கடைசியாக ஒரு சங்கடமான விஷயம். இந்தத் திட்டங்களில் எல்லாருக்கும் இடம் கிடைக்காது. கிடைச்சாலும் சில வீட்டில் அனுப்ப முடியாது. கோடையில் அந்தப் பிள்ளை சம்பாதிச்சுக் கொடுத்தாத்தான் அடுத்த வருஷ ஃபீஸ். அவனிடம் போய் "ஆராய்ச்சி பண்ணுடா"ன்னு நான் பேசினா அது அநியாயம்.

அவனுக்கும் கோடை உண்டு ஐயா. என் மாணவன் ஒருத்தன் இன்வெர்ட்டர், பேட்டரி விக்கிற கடையில் லீவு நாளில் வேலைக்கு நின்றான். சுமை தூக்குற வேலை. ஆனால் பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்தப் பேட்டரி எத்தனை மாசத்தில் திரும்பி வருது, எவ்வளவு வோல்ட் காட்டுது, எந்த வீட்டில் எவ்வளவு லோடு, எல்லாம் குறிச்சு வச்சான். மூணாம் வருஷப் புராஜெக்டுக்கு எல்லாரும் கடையில் காசு கொடுத்து வாங்கிட்டு வந்தாங்க. இவன் அந்த நோட்டை வைத்தான். பிறகு சோலார் கம்பெனி ஒன்றில் நேர்காணலுக்குப் போனபோது, மார்க் ஷீட்டை ஒரு நிமிஷம் பார்த்தவங்க, அந்த நோட்டை அரை மணி நேரம் பார்த்தாங்களாம். வேலை கிடைச்சது. அவனைத் தூக்கிவிட்டது பட்டமா? நாற்பது பக்க நோட்டா? (பலத்த கைதட்டல்)

போகவே வழியில்லாத பிள்ளைக்கு, ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்துகிற என்.பி.டி.இ.எல். பாடங்கள் போனிலேயே வருது. கேட்கக் காசு இல்லை. சர்டிபிகேட் பரீட்சைக்குத்தான் கட்டணம். அதே போனில் ரீல்ஸும் வருது, அதையும் நான் மறைக்கலை! (சிரிப்பு) விரல் எந்தப் பக்கம் போகுது என்பதுதான் கேள்வி. ஒரு கோடையில் கம்ப்யூட்டர் மொழி ஒன்றைக் கத்துக்கிட்டு, ஊசல் ஆடுவதையோ, கோள் சுற்றுவதையோ தானே கணக்குப் போட்டுப் பார்க்கிற பிள்ளைக்கு மென்பொருள் கம்பெனிக் கதவும் திறக்கும், ஆராய்ச்சிக் கதவும் திறக்கும்.

ஆகவே நடுவர் ஐயா அவர்களே! பட்டம் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி அச்சாகி வருது. பேரும் மார்க்கும்தான் வேற. ஆனால் கோடை ஒவ்வொரு பிள்ளைக்கும் வேற வேற. படிச்ச சொந்தக்காரன் இருக்கிற வீட்டில் கோடை வரும்போதே வழியும் வந்துவிடும். அப்படி யாரும் இல்லாத வீட்டில், அந்தக் கோடையைத்தான் சித்தப்பாவாக ஆக்கிக்கணும். அதுக்கு ஆசிரியர்கள் ஐப்பசியிலேயே வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லணும். பெற்றோர்கள் "ரெண்டு மாசம்தானே, போயிட்டு வா"ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். பிள்ளைகள் "நான் முயற்சி பண்றேன்"னு ஒரு வார்த்தை சொல்லணும். மூணு வார்த்தைதான் ஐயா. மூணு வருஷப் படிப்புக்கு உயிர் கொடுக்கிற வார்த்தை!

எனவே, இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கு எதிர்காலத்தைத் தருவது கோடை விடுமுறையே, கோடை விடுமுறையே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)